பத்தாவது கண்

நிழலுக்கு நிறம் உண்டு என்று பினாங்கில் ஒரு கூட்டத்தின் நடுவே நான் வாயை விட்டதுதான் இந்தப் பயணத்துக்குக் காரணம்.

அங்கே பாக் ஹாமிட் என்று ஒரு மலாய்க்காரர் இருக்கிறார். நிழல் கூத்து ஆட்டுவதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. மாட்டுத்தோலில் வெட்டிய பொம்மைகளை விளக்குக்கு எதிரே பிடிப்பார். திரையில் நிழல் கன்னங்கரேலென்று விழும். ஒரு நாள் ஆட்டம் முடிந்து எல்லோரும் காபி குடித்துக்கொண்டிருந்தபோது, "எங்கள் மதுரைப் பக்கத்துத் தோல்பாவைக்கூத்தில் நிழல் சிவப்பாகவும் பச்சையாகவும் விழும்" என்றேன். அவர் சிரித்த சிரிப்பில் காபி மூக்கில் ஏறிவிட்டது. "உன் அப்பனும் இருபது வருஷம் இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தான். விளக்குக்கு முன்னால் வர்ணக் கண்ணாடியை ஒளித்து வைத்திருப்பார்கள். இல்லாவிட்டால் உன் அப்பன் கள் குடித்திருப்பான்" என்றார்.

என் அப்பா மேலூர்ப் பக்கத்திலிருந்து கப்பலேறி வந்தவர். அவர் காலமாகி மூன்று வருஷம் ஆகிறது. கொஞ்சம் அளக்கிற மனிதர் என்பதை நான் மறுக்கவில்லை. ஊரில் அவர் அடித்த பாம்பு, சொல்லும் ஒவ்வொரு தடவையும் ஒரு முழம் வளர்ந்துவிடும். ஆனால் இந்த நிழல் விஷயத்தை மட்டும் அவர் ஒரு நாளும் கூட்டிச் சொன்னதில்லை. எப்போதும் அதே சிவப்பு, அதே பச்சை. அதனால்தான் நான் நம்பினேன். நம்பியதோடு நிறுத்தியிருக்கலாம். "பத்துத்தலை ராவணனையே கொண்டுவந்து காட்டுகிறேன்" என்று எல்லோர் முன்னிலையிலும் சபதம் போட்டேன். தீபாவளியன்று எங்கள் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக் கொட்டகையில் காட்டுவதாக நாளும் குறித்தாகிவிட்டது.

நானோ பினாங்கில் பிறந்து வளர்ந்தவன். கடைகளுக்குப் பெயர்ப் பலகை எழுதுவது தொழில். மதுரையை அதுவரை கண்ணால் பார்த்ததில்லை. கையில் ஒரு தகரப் பெட்டி, அதில் நாலு வேட்டி, என்னுடைய உயர்ந்த ரக எனாமல் பெயிண்ட் டப்பாக்கள் ஆறு. மதுரைக்காரர்களின் சிவப்பு எப்படியிருக்குமோ, என் சிவப்பைக் கொடுத்து அசத்தலாம் என்று ஓர் எண்ணம். அந்த எண்ணம் பட்ட பாட்டைப் பிறகு சொல்கிறேன்.

முதல் நாள் மதுரையில் இறங்கியதும் நான் செய்த முதல் காரியம் எட்டு இட்லி சாப்பிட்டது. பினாங்கிலும் இட்லி உண்டு. பெயர் மட்டும்தான் ஒன்று. பரிமாறியவரிடம் தோல்பாவைக்காரர்களைப் பற்றிக் கேட்டேன். "அவுகளா? பரவைச் சந்தைக்குப் பக்கத்துல கூடாரம் போட்டுருக்காகண்ணே" என்றார். பக்கத்து மேஜைக்காரர், அவர்கள் போன மாதமே கிளம்பிவிட்டார்கள் என்றார். மூன்றாமவர், அவர்கள் கிளம்பவே மாட்டார்கள், மாவு அரைக்கிற கல்லையே கூடாரத்துக்குள் புதைத்து வைத்திருக்கிறார்கள் என்றார். நான் கேட்டது ஒருவரை. பதில் சொன்னது ஏழு பேர்.

இரண்டாம் நாள் பரவைக்குப் பஸ் ஏறினேன். பினாங்கு டிராமில் பத்து வருஷம் ஒரே ஆளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து போனாலும் அவர் பேர் நமக்குத் தெரியாது. இந்தப் பஸ்ஸில் வைகையைத் தாண்டுவதற்குள் எனக்கு எத்தனை பிள்ளைகள், ஏன் இரண்டோடு நிறுத்திவிட்டேன் என்பது வரை விசாரித்துவிட்டார்கள். வழியில் பஸ் புஸ்ஸென்று ஆவி விட்டு நின்றது. டிரைவர் கொஞ்சமும் பதறவில்லை. "எறங்குங்கப்பா, வண்டிக்குத் தாகம்" என்றார். பயணிகள் இறங்கி, பழக்கப்பட்டவர்களைப் போல வாய்க்காலிலிருந்து குடத்தில் தண்ணீர் மொண்டு வந்து ஊற்றினார்கள். நானும் ஒரு குடம் சுமந்தேன். கோட்டு நனைந்தது.

கூடாரம் இருந்தது. வாசலில் சிவப்பு முண்டாசும் பெரிய மீசையுமாக ஒருவர் உட்கார்ந்திருந்தார். பெயர் விட்டல்ராவ். விஷயத்தைச் சொன்னதும் தொடையைத் தட்டினார். "ராவணந்தானே? நாளைக்கே ஆட வச்சுருவோம்ண்ணே!"

உள்ளிருந்து ஒரு பெண்குரல் வந்தது. "ஆட்டுறதுதேன் அவரு. வெட்டுறது நானு. ஆறு நாளாகும்."

அவர் மனைவி அம்பாபாய். கையில் உளியோடு வெளியே வந்தார். அவர்கள் வீட்டுக்குள் பேசுவது மராத்தி. எத்தனையோ தலைமுறைக்கு முன்னால் வந்த குடும்பமாம். கணவனும் மனைவியும் என்னைப் பார்த்துக்கொண்டே ஏதோ பேசினார்கள். என்ன என்று கேட்டேன். "ஆளு நல்லவரு மாதிரிதேன் இருக்காரு, பொறுமைதேன் இல்லங்குறாரு" என்று அந்த அம்மாள் ஒளிக்காமல் மொழிபெயர்த்தார். அவர்கள் என்னைச் சந்தித்து ஐந்து நிமிஷம்கூட ஆகியிருக்கவில்லை.

ஆறு நாள் என்றதும் கணக்குப் போட்டேன். பதினோராம் நாள் காலை ரயிலைப் பிடித்தால்தான் நாகப்பட்டினத்தில் கப்பல். அதை விட்டால் தீபாவளிக்குப் பிறகுதான் அடுத்த கப்பல். போதுமான அவகாசம் இருந்தது. சரி என்றேன்.

மறுநாள் தோல் வாங்க அம்பாபாயோடு போனேன். சந்தைக்கு எதிரே காசிம் ராவுத்தரின் தோல் கிட்டங்கி. ஜன்னலே இல்லாத நீளமான சரக்கறை. கிழக்கு பார்த்த ஒரே ஒரு பெரிய வாசல். நாற்றத்தைப் பற்றி எழுதப் போவதில்லை. ராவுத்தர் என் வயதுக்காரர். வெள்ளாட்டுத் தோல்களை ஒவ்வொன்றாக வாசலுக்கு எடுத்துவந்து வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்துப் பார்த்தார். நல்லதென்று நான் நினைத்த ஒன்றைத் தள்ளிப் போட்டார். "கத்தி பட்டுருக்கு பாருங்க. இதுல மூஞ்சி வெட்டுனா ராவணன் கன்னத்துல வெளக்கு ஒழுகும்" என்றார். பிறகு எங்களை விடவில்லை. இடியாப்பமும் ஆட்டுக்கால் பாயாவும் வந்தன. "தோலு அந்தம்மாவுக்கு, காலு நமக்கு. சாப்புடுங்க மாப்ள" என்றார். பழகி ஒரு மணி நேரத்தில் முறை வைத்துக் கூப்பிட்டு விட்டார். பாயாவில் மிளகு காதைப் பிடித்து இழுத்தது. நான் மூன்று தடவை வாங்கிக்கொண்டேன்.

அதன் பிறகு தினமும் பரவைக்குப் போனேன். தோலைத் தண்ணீரில் ஊறவைத்து, மயிரைச் சுரண்டி, இழுத்து ஆணியடித்துக் காயப் போட்டார் அம்பாபாய். காய்ந்ததும் அப்பளம்போல ஆகி, பின்னால் பிடித்த விரல் முன்னால் தெரிந்தது. அதன்மேல் ஊசியால் கீறினார். அளவுகோல் இல்லை, அழிப்பதும் இல்லை. பிறகு உளி. ஒரு கட்டையின்மேல் தோலை வைத்து டொக் டொக்கென்று தட்ட, கிரீடமும் தோள்வளையும் பொடிப்பொடித் துவாரங்களாகப் பிறந்தன. பத்து முகமும் ஒரே தோலில், பக்கவாட்டில் பார்த்தபடி. முகத்துக்கு ஒரு கண். நான் ஒரு எழுத்து எழுதுவதற்குள் மூன்று தடவை தள்ளி நின்று பார்ப்பவன். அந்த அம்மாள் மருமகளைப் பற்றிப் பேசிக்கொண்டே வெட்டினார்.

ஆறாம் நாள் என் எண்ணத்துக்கு வேளை வந்தது. முகங்களுக்குச் சாயம் தீட்டியிருந்தார்கள். தண்ணீர்போல இருந்த அந்தச் சிவப்பைப் பார்த்து என் தொழில் புத்தி தூங்க மறுத்தது. அம்பாபாய் சந்தைக்குப் போயிருந்தார்; விட்டல்ராவ் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். டப்பாவைத் திறந்தேன். மூன்றாவது தலையின் கிரீடத்துக்கு என் எனாமல் சிவப்பை இரண்டு பூச்சுப் பூசினேன். அடடா, என்ன பளபளப்பு! பினாங்கின் பெரிய துணிக்கடைப் பலகைக்கே அப்படி ஒரு சிவப்பு அமைந்ததில்லை.

திரும்பி வந்த அம்பாபாய் அந்தக் கிரீடத்தை ஒரு விரலால் தொட்டுப் பார்த்தார். கூடாரத்துக்குள் விளக்கை ஏற்றி, தோலை அதற்கு முன்னால் பிடித்தார். ஒன்பது கிரீடங்கள் மங்கலாக, அழகாகச் சிவந்தன. மூன்றாவது கிரீடம் அடுப்புக்கரி.

வெளிச்சம் ஊடுருவினால்தான் நிறம். என் பெயிண்ட் வெளிச்சத்தைக் கதவடைத்து நிறுத்திவிட்டது. சாயம் தண்ணீர்போல இருந்ததே அதற்காகத்தான். இருபது வருஷம் வர்ணத்தோடு குடித்தனம் நடத்தியவனுக்கு இது உறைக்கவில்லை. எழுந்து வந்த விட்டல்ராவிடம் அந்த அம்மாள் மராத்தியில் ஏதோ சொன்னார்; அவர் விழுந்து விழுந்து சிரித்தார். "ராவணனுக்கு ஒரு மண்டைய எரிச்சுப்புட்டாருன்னு சொன்னேன்" என்று எனக்கு மொழிபெயர்த்துவிட்டு, புதுத்தோலை எடுத்து ஊறப்போட்டார். வெட்கத்தில் எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. என் சிவப்பினால் இரண்டு நாள் போயிற்று.

பத்தாம் நாள் மத்தியானம் ராவணன் முழுசாக எழுந்து நின்றான். மூங்கில் பிளாச்சு நடுமுதுகில், கை கால்கள் நூல் முடிச்சில். இடுப்பளவு உயரம். நான் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே போய், கடைசியில் நின்றேன்.

"பத்தாவது மூஞ்சியில் கண்ணைத் திறக்க மறந்துவிட்டீர்களே!"

"மறக்கலண்ணே. புதுப்பாவை முதல்ல சனங்க முன்னால ஆடணும். பாத்து நாலு பேரு சிரிக்கணும், ஏசணும். அதுக்குப் பொறவுதேன் கடைசிக் கண்ணு. இன்னிக்குச் சாயந்தரம் சந்தைத் திடல்ல ஆட்டம் வச்சுருக்கோம். ஆட்டத்த முடிச்சு, கண்ணத் தொறந்து, காலையில கையில குடுக்குறேன்."

"ஒருவேளை ஆட்டம் நடக்காவிட்டால்?"

"ஆடாத பாவைய ஊரு தாண்டி அனுப்புனதில்ல" என்றார். குரலில் கோபம் இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

விளக்கேற்றும் நேரம் சரியாக வந்தது. மழையும் சரியாக வந்தது. ஐப்பசி மழை, சாதாரணமாகவா பெய்யும்? திரை தொப்பலாகிக் கிழிந்தது, கம்பம் சாய்ந்தது, கூட்டம் ஓடிற்று. அம்பாபாய் பாவையைக் கம்பளியில் சுற்றி, பாயை மேலே போட்டு, தோல் சுருண்டுவிடாமல் தானே அதன்மேல் ஏறி உட்கார்ந்துவிட்டார். நான் கெஞ்சினேன். பாக் ஹாமிட்டைச் சொன்னேன், அப்பாவைச் சொன்னேன், கப்பலைச் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டார்.

"அதுக்காகத்தேண்ணே சொல்றேன். ஒத்தக் கண்ணு தொறக்காத ராவணன வச்சு உங்க அப்பாரு பேர எப்படிக் காப்பாத்துவீக?"

ஒரு தகரப் பெட்டியும் ஆறு டப்பாவும் ஒரு பொய்யனின் மகன் என்ற பெயருமாகத் திரும்பப் போகிறேன் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

பதினோராம் நாள் காலை ஆறரைக்கெல்லாம் பெட்டியோடு பரவையில் நின்றேன். சொல்லிக்கொண்டு போவதற்காக வந்தேனோ, இன்னும் ஒரு தடவை கெஞ்ச வந்தேனோ, எனக்கே தெரியாது. எட்டு மணிக்கு மதுரை பஸ். மழை கழுவிவிட்ட வானத்தில் வெயில் சுள்ளென்று ஏறிக்கொண்டிருந்தது. கிட்டங்கி வாசலில் காசிம் ராவுத்தர் வழக்கம்போல ஒரு தோலைச் சூரியனுக்கு நேரே தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் சரக்கறை, அடி முதல் நுனி வரை இருட்டு.

நான் பெட்டியைக் கீழே போட்டேன். "ராவுத்தரே! உம்ம கிட்டங்கியை ஒரு மணி நேரம் கொடுப்பீரா?"

விட்டல்ராவுக்கு முதலில் புரியவில்லை. "பகல்லயா? பகல்ல ஏதுண்ணே பாவைக்கூத்து?" என்றார். வாசலில் துணியைக் கட்டுவோம், சனங்கள் உள்ளே இருட்டில் உட்காரட்டும், நீங்கள் வெளியே நில்லுங்கள், விளக்குக்குப் பதில் சூரியன் என்று மூச்சு விடாமல் சொன்னேன். அவர் மனைவியைப் பார்த்தார். அம்பாபாய் சூரியனைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து, பத்து நாளில் முதல் தடவையாகச் சிரித்தார்.

ராவுத்தர் ஒரே பரபரப்பு. "ஜல்தி, ஜல்தி!" என்று தம் ஆட்களை விரட்டித் தோல்கட்டுகளைச் சுவரோரம் அடுக்கினார். அன்று சந்தை நாள். கத்தரிக்காய்க் கூடையோடும் கோழியோடும் சனங்கள் உள்ளே நுழைந்தார்கள். மூக்கைப் பொத்திக்கொண்டார்கள், ஆனால் ஒருவரும் வெளியே போகவில்லை. வாசலில் வெள்ளை வேட்டி இரண்டைச் சேர்த்துத் தைத்துக் கட்டினோம். அடிப்பாகத்தைப் பாயால் மறைத்தோம். நானும் உள்ளே போய்க் கூட்டத்தோடு உட்கார்ந்தேன்.

மத்தளம் தட்டியது. ராவணன் துணியில் வந்தான். அவனுக்குப் பக்கத்திலேயே, அவன் தலைகளைவிடப் பெரிதாக, முண்டாசு கட்டிய ஒரு தலையும் வந்தது.

"அதாருப்பா பதினோராவது தலை?" என்று ஒரு கிழவர் கேட்டார். கிட்டங்கி அதிர்ந்தது. விளக்கென்றால் ஆட்டுகிறவருக்கு முன்னால் தொங்கும். சூரியன் அவர் முதுகுக்குப் பின்னால் அல்லவா நிற்கிறது! விட்டல்ராவ் முண்டாசை அவிழ்த்தார். இப்போது வழுக்கைத்தலை விழுந்தது. சிரிப்பு இன்னும் பெரிதாயிற்று. கடைசியில் மனிதர் பாயின் மறைவில் மல்லாந்து படுத்தேவிட்டார். கைகள் மட்டும் மேலே. அதற்குப் பிறகு துணியில் ராவணன் ஒருவன்தான்.

எப்படிச் சொல்வேன்? கிரீடங்கள் சிவந்து எரிந்தன. மார்பு பச்சை. துவாரங்கள் எல்லாம் வெயிலைக் கொட்டின. எண்ணெய் விளக்கில் மங்கலாகத் தெரிந்ததெல்லாம் அந்தக் காலை வெயிலில் கண்ணைக் கூசும் நிறமாகத் துணியில் நின்றது. ஆபரணங்கள் மஞ்சள்! அப்பா சிவப்பையும் பச்சையையும்தான் சொன்னார்; மஞ்சளைச் சொல்லவே இல்லை. அளக்கிறவர் என்று பெயரெடுத்த மனிதர் இதைக் குறைத்துத்தான் சொல்லியிருக்கிறார். நான் அந்த நாற்றத்தின் நடுவில் உட்கார்ந்து அழுதேன். எனக்கு வெட்கமாக இல்லை.

அனுமன் வந்தான். ராவணன் கர்ஜித்தான்: "எலே கொரங்கு! கடலத் தாண்டி வந்தவனே! எந்த ஊருடா ஒனக்கு?"

"பினாங்கு!" என்றான் அனுமன்.

"பினாங்கா? எம்மண்டையில பெயிண்டு அடிச்ச பய நீதானா?"

என்னைத் தெரிந்தவர் தெரியாதவர் எல்லோரும் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். ஒரு பாட்டி ராவணனைப் பார்த்து, "நீ ஊரான் பொண்டாட்டியத் தூக்குனவந்தானே, ஒனக்கென்னடா பேச்சு?" என்று ஏசினாள். சிரிப்பும் ஆயிற்று, ஏச்சும் ஆயிற்று. அப்போதுதான் எனக்குப் பஸ் நினைவு வந்தது. பதறி எழுந்தேன். முன்வரிசையிலிருந்து ஒருவர் என் கோட்டைப் பிடித்து உட்கார வைத்தார். "எங்க போறீக? நாந்தேன் டிரைவரு. முடியட்டும், போவோம்." பக்கத்தில் கண்டக்டர் பையோடு உட்கார்ந்திருந்தார்.

ஆட்டம் முடிந்ததும் அம்பாபாய் துணியை விலக்கிக்கொண்டு உள்ளே வந்தார். வாசற்படியிலேயே கட்டையை வைத்து, எல்லோரும் பார்க்க, பத்தாவது முகத்தில் உளியை வைத்து ஒரே தட்டு. பிறகு ராவணனை வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்தார். அந்தக் கண் வழியாக ஒரு பொட்டு வெயில் என் சட்டைமேல் வந்து விழுந்தது.

"இனி ஒங்க பாவை. கூட்டிட்டுப் போங்கண்ணே."

"வாரேன்" என்று அவர்கள் ஊர் வழக்கப்படியே சொன்னேன். ராவுத்தர் இரண்டு சீலைத்துணிக்கு நடுவில் பாவையை வைத்துச் சுருட்டிக் கட்டினார். "நனையாமப் பாத்துக்கங்க மாப்ள. பக்கத்துல நாய வரவிடாதீக" என்றார். டிரைவர் அன்றைக்கு வண்டியை விட்ட வேகத்தில் அதற்குத் தாகம்கூட எடுக்கவில்லை. ரயில் எனக்காகவே காத்திருந்ததுபோல நின்றது. எனாமல் டப்பாக்கள் ஆறும் பரவைக் கூடாரத்திலேயே இருக்கின்றன. தகரக் கூரைக்கு ஆகும் என்று அம்பாபாய் வாங்கி வைத்துக்கொண்டார்.

தீபாவளியன்று எங்கள் கொட்டகை நிறைந்திருந்தது. பாக் ஹாமிட் முதல் வரிசையில், சிரிப்பைத் தயாராக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எனக்கு ஆட்டத் தெரியாது. விளக்கை ஏற்றி, ராவணனைத் திரையில் சும்மா சேர்த்துப் பிடித்தேன். சிவப்பு, பச்சை, மஞ்சள்.

அவர் எழுந்து திரைக்குப் பின்னால் வந்தார். விளக்கைச் சுற்றிக் கண்ணாடி தேடினார். என் சட்டைப் பையில்கூடக் கைவிட்டுப் பார்த்தார். பிறகு தோலை மெதுவாகத் தொட்டார். கையை எடுக்காமலே மலாயில் சொன்னார்: "உன் அப்பன் பொய் சொல்லவில்லை. இருபது வருஷம் நான்தான் குருடனாக இருந்தேன்."

நான் விளக்கை அணைக்கப் போனேன். அவர் என் கையைப் பிடித்தார்.

"அணைக்காதே. உன் அப்பனுக்காக இன்னொரு தடவை காட்டு."